‘ரபி ஜாக்கோபின் சாகசங்கள்’ (1973): சிரிப்பு யார்மேல் விழுகிறது?

ஜெரார் ஊரி இயக்கிய இந்தப் பிரெஞ்சு நகைச்சுவைப் படத்தை அலச உட்காருபவர்கள் பலரும் தலையெண்ணத் தொடங்கிவிடுகிறார்கள்: எத்தனை யூதர், எத்தனை அரபியர் என்று. அப்படி எண்ணினால் படம் நன்றாகவே தேறிவிடும், ஆனால் நமக்கு ஒன்றும் விளங்காது. நோட்டில் நாலு கட்டம் போடுங்கள்: பாத்திரம், நடித்தவர், எழுதியவர், சிரிப்பு யார்மேல். முதல் தடவை குறிப்பே எடுக்காமல் பாருங்கள். எங்கெங்கே சிரித்தோம் என்பது மனதில் நிற்கும். இரண்டாம் தடவை அந்த இடங்களில் நிறுத்தி நிறுத்தி நாலாவது கட்டத்தை நிரப்புங்கள்.

கார் காட்சியில் பழகிக்கொள்ளலாம். லூயி த ஃப்யுனெஸ் நடிக்கும் பிவேர் ஓர் ஆலை முதலாளி. டிரைவர் சலமோன் யூதர் என்று தெரிந்ததும் ஆடிப்போகிறார். நியூயார்க்கிலிருந்து வரும் தன் மாமா ஒரு ரபி, அதாவது யூத மத குரு, என்பதை சலமோன் ஊர்க்கதை போலச் சொல்கிறார். பிவேர் சற்று யோசித்து, பரவாயில்லை, இருந்தாலும் உன்னை வேலையில் வைத்துக்கொள்கிறேன் என்கிறார். முகம் கோணுவது பிவேருக்குத்தான், சிரிப்பும் அவர்மேல்தான். கார் ஏரியில் விழுந்த பிறகு, வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்து, யூதர்கள் வேலை செய்யாத ஓய்வுநாளான சபாத் தொடங்கிவிட்டது என்று சலமோன் கையைக் கட்டிக்கொள்ளும் இடத்திலும் கட்டத்தில் அதே பெயர்தான் வரும்.

—

மூன்றாவது கட்டத்தை யாரும் விட்டுவிட வேண்டாம். ஊரி யூதர். அவரோடு எழுதியவர்கள் மகள் தானியேல் தாம்சனும் ஜோஸி ஐசன்பெர்க்கும். ஐசன்பெர்க் ரபியாகவே இருந்தவர், பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் யூத சமய நிகழ்ச்சி நடத்தியவர். சடங்கு வரும் இடங்களில் எள்ளல் தலைகாட்டாததற்கு அதுதான் காரணம் என்பேன். துரத்துபவர்களிடமிருந்து தப்ப ரபி வேஷம் போட்ட பிவேர், பாரிஸில் யூதர்கள் வாழும் ரோஸியே தெருவில் ஆடும் நடனம் சான்-தெனியில் போட்ட செட்டில் எடுத்தது, நடன அமைப்பு இலான் ஸாவுயி. அதில் த ஃப்யுனெஸின் தோளையும் முழங்காலையும் கவனியுங்கள். கேலிக்காக ஓர் அடிகூடத் தப்பாக வைக்கவில்லை. நிஜ ரபியாக வருபவர் மார்செல் தாலியோ. ‘யூத முகம் இப்படித்தான் இருக்கும்’ என்று நாஜிகள் சுவரொட்டியில் அச்சடித்தது இவர் முகத்தைத்தான். அது தெரிந்த பிறகு அவர் வரும் காட்சிகளைச் சும்மா பார்த்துவிட்டுப் போக முடியாது.

—

இதே நோட்டை அரபுப் பக்கம் திருப்புங்கள், படம் சறுக்கும். புரட்சித் தலைவர் ஸ்லிமானாக நடித்தவர் பிரெஞ்சுக்காரரான குளோட் ஜிரோ. அவரைத் துரத்தும் ஃபாரேஸ் இத்தாலியரான ரென்ஸோ மொன்தஞானி. கதை எழுதிய மேசையில் அரபியர் ஒருவரும் இல்லை. ஸ்லிமானுக்குத் துணிச்சலும் கண்ணியமும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். 1965-இல் பாரிஸில் கடத்தப்பட்ட மொராக்கோத் தலைவர் பென் பர்க்காவின் சாயல் அவரிடம் இருக்கிறது. ஆனால் முதன்மை அரபுப் பாத்திரங்கள் இரண்டுமே வெளிநாட்டு அரசியல் ஆட்கள். அந்தக் கோடையில் பிரான்சின் தெற்கில் அல்ஜீரியத் தொழிலாளிகள் கொல்லப்பட்டார்கள். செப்டம்பரில் அல்ஜீரியா தன் ஆட்களைப் பிரான்சுக்கு அனுப்புவதையே நிறுத்தியது. அந்தத் தொழிலாளிக்கு இந்தக் கதையில் ஒரு பெரிய வேடம் இல்லை. இல்லாதவர்களை எழுத நோட்டில் ஐந்தாவது கட்டமும் வேண்டும்.

பெண்கள் பக்கம் சுருக்கமாக முடிந்துவிடும். பிவேரின் மனைவி பல் மருத்துவர், ஆனாலும் கதை அவரைச் சந்தேகப்படும் மனைவியாகவே ஓடவிடுகிறது.

—

தேதியில் எளிதாக வழுக்கலாம். படம் வெளியானது 1973 அக்டோபர் 18. அரபு-இஸ்ரேல் போர் தொடங்கியது அக்டோபர் 6. படப்பிடிப்பு அதற்கு முன்பே முடிந்துவிட்டது, ஆகவே போருக்குப் பதில் சொல்ல எடுத்த படம் என்று எழுதினால் தப்பு. பார்வையாளர்கள் போருக்கு நடுவில் பார்த்த படம் என்று எழுதலாம். வெளியான அன்றே, படத்தைத் தடைசெய்யக் கேட்டு விளம்பரப் பொறுப்பாளரின் மனைவி விமானம் ஒன்றைக் கடத்தி, போலீஸ் சுட்டு இறந்தார்.

சப்டைட்டிலை நம்பிக் குறிப்பெடுத்தால் பெயர்களில் இருக்கும் முடிச்சு தவறிப்போகும். சலமோனும் ஸ்லிமானும் ஒருவர் பெயரை ஒருவர் கேட்டுக் கைகுலுக்கும் காட்சியை நிறுத்திப் பாருங்கள். நம் ஊரில் சாலமோன், சுலைமான் என்று வழங்கும் அதே ஒரு பெயர்தான் அந்த இருவருக்கும்.