புதுப்பிப்பு: அப்பாவின் யூரிக் அமிலக் கல், பொட்டாசியம் சிட்ரேட்

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பிரஷருக்கு டெல்மிசார்டன் எடுக்கும் அப்பாவுக்குச் சிறுநீரகக் கல்லுக்காகப் பொட்டாசியம் சிட்ரேட் எழுதியிருந்தார்கள். சேர்த்துக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தேன்.

"முதலில் ரத்தத்தில் பொட்டாசியம், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) பாருங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. இரண்டு மருந்துமே பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை; அது எல்லை மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும். அப்பாவுக்கு அளவு மேல்வரம்பை ஒட்டியிருந்தது. டாக்டர் பொட்டாசியம் சிட்ரேட் மாத்திரையைக் குறைத்து, அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார்.

இந்த மருந்து சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்துத்தான் யூரிக் அமிலக் கல்லைக் கரைக்கிறது. அதனால் சிறுநீரின் பிஎச்சை (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; கூடினால் அமிலம் குறைவு) வீட்டிலேயே சோதனைப் பட்டையில் (டெஸ்ட் ஸ்ட்ரிப்) பார்த்து 6.5-ஐ ஒட்டி வைத்தோம். 7-ஐத் தாண்டினால் கால்சியம் பாஸ்பேட் படியலாம் என்று டாக்டர் எச்சரித்தார். சமீபத்திய சிடி ஸ்கேனில் கல் இல்லை! சாதாரண எக்ஸ்ரேயில் யூரிக் அமிலக் கல் பெரும்பாலும் தெரியாது என்பதால்தான் சிடி.

எதிர்பாராதது ஒன்று: மலத்தில் மாத்திரை போலவே ஏதோ வந்தது. பயந்துபோனோம். மெதுவாகக் கரையும் மாத்திரையின் வெற்று மெழுகுக்கூடுதான் அது, மருந்து உள்ளே இறங்கிவிட்டிருக்கும் என்றார் டாக்டர்.

கிருமித்தொற்றால் வரும் கல்லுக்கு இந்த மருந்து ஆகாது. கல்லின் வகை தெரியாமல் தயவுசெய்து தொடங்காதீர்கள்.