ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியில் சிறு ஆயில் கசிவு: கியர்பெட்டியை இறக்காமல் இடத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

வைகைக்கரை (கேள்வி)

வணக்கம். என்னுடைய கார் 2009ஆம் ஆண்டு மாடல், பெட்ரோல் எஞ்சினும் நான்கு கியர் கொண்ட பழைய வகை ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியும் உள்ள ஹேட்ச்பேக். இதுவரை 84,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மூன்று வாரங்களாக, இரவு நிறுத்திவிட்டுக் காலையில் எடுக்கும்போது, முன்பக்க இடது சக்கரத்துக்குச் சற்று உள்ளே தரையில் ஐந்து ரூபாய் நாணய அளவில் சிவந்த கறை ஒன்று இருக்கிறது. கியர் மாறுவதில் இடறல் இல்லை, வண்டி இழுக்கும் விதத்திலும் மாற்றம் தெரியவில்லை. இரண்டு மாதங்களுக்கு முன்புதான் கியர் ஆயிலை மாற்றினேன்.

பணிமனையில் வண்டியைத் தூக்கி, எஞ்சினும் கியர்பெட்டியும் சேரும் விளிம்பின் அடிப்பகுதி நனைந்திருப்பதைக் காட்டி, எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் முன்பக்க ஆயில் சீல் (ஆயில் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) போய்விட்டது என்றும், கியர்பெட்டியை இறக்கினால்தான் அதை மாற்ற முடியும் என்றும் சொல்கிறார்கள். மொத்தச் செலவு 22,000 ரூபாய் ஆகுமாம். சீலின் விலை சில நூறு ரூபாய்தான், மீதியெல்லாம் கூலி. இவ்வளவு சிறிய கசிவுக்கு இவ்வளவு பெரிய வேலையில் இறங்குவதற்கு முன், கசிவு உண்மையிலேயே அங்கிருந்துதான் வருகிறதா என்று நானே உறுதி செய்ய வழி இருக்கிறதா? அடுக்ககச் சங்கத்தில் தரை ஓடுகளைக் காட்டி இரண்டு முறை கேட்டுவிட்டார்கள் என்பதால் அப்படியே விட்டுவிடவும் முடியவில்லை.

பழைய ஸ்பேனர் (பதில்)

வணக்கம். பணிமனைக்காரர் சொன்னது தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் பார்த்தது சொட்டு விழும் இடத்தை மட்டுமே. கசிவு தொடங்கும் இடம் அதற்கு ஒரு முழம் மேலேகூட இருக்கலாம், ஏனென்றால் ஆயில் கியர்பெட்டியின் வார்ப்பு மேடுகளைப் பிடித்துக்கொண்டு வழிந்து, மிகத் தாழ்ந்த முனையில் சேர்ந்து அங்கிருந்துதான் சொட்டும். ஓடும் வண்டியில் காற்றும் அதைப் பின்னோக்கி அடித்துப் பரப்பிவிடும். பல வண்டிகளில் அப்படித் தாழ்ந்திருக்கும் முனைகளில் நீங்கள் சொல்லும் அந்த விளிம்பும் ஒன்று. ஆகவே அது நனைந்திருப்பதை வைத்து மட்டும் சீலின்மேல் பழி போட முடியாது.

முதலில் ஒரு பெரிய வெள்ளை அட்டையை வண்டிக்கு அடியில் விரித்து, நான்கு சக்கரங்களின் இடத்தையும் பேனாவால் குறித்துவிடுங்கள். ஒருநாள் வழக்கம்போல் ஓட்டிவிட்டு வந்து நிறுத்திப் பாருங்கள். பிறகு அட்டையை மாற்றிவிட்டு, இரண்டு நாள் வண்டியைத் தொடாமலே விட்டுப் பாருங்கள். இரண்டாவது சோதனைதான் முக்கியம். எஞ்சின் நின்றதும், மேலே சுற்றிக்கொண்டிருந்த ஆயில் இறங்கி வருவதால் பெட்டிக்குள் ஆயில் மட்டம் ஓடும்போது இருப்பதைவிட உயர்ந்துவிடும். அடித்தொட்டியின் பேக்கிங், ஆயிலை வடிக்கும் திருகான டிரெயின் பிளக்கின் வாஷர், சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்ட் நுழையும் இடத்து ஆயில் சீல் போன்றவை மோசமாக இருந்தால் நிற்கும்போதும் சொட்டிக்கொண்டே இருக்கும். ஓட்டிய அன்று மட்டும் சொட்டி, நிற்கும் நாளில் அட்டை காய்ந்து கிடந்தால், அழுத்தத்தில் ஆயில் போகும் குழாய்களையும் முன்பக்கச் சீலையும் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கூடவே ரேடியேட்டர் மூடியை, எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மட்டும், திறந்து கூலண்டைப் பாருங்கள். கியர் ஆயில் ரேடியேட்டருக்குள் இருக்கும் குளிர்விப்பான் வழியாகப் போகும் வண்டிகளில், உள்ளுக்குள் உடைப்பு ஏற்பட்டால் கூலண்ட் ரோஸ்மில்க் போல ஆகிவிடும். அப்படி இருந்தால் வண்டியை அதற்குமேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட வேண்டாம்.

கொங்குச்சாலை (பதில்)

மேலே நண்பர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சிவப்பாக இருப்பதெல்லாம் கியர் ஆயில் என்று முடிவு செய்துவிடாதீர்கள். 2009ஆம் ஆண்டு வண்டி என்றால் ஸ்டீயரிங் ஆயிலில் இயங்குவதாக இருக்கலாம், பல வண்டிகளில் அதற்கும் ஏ.டி.எஃப். எனப்படும் இதே சிவப்பு ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்தான் ஊற்றப்படுகிறது. ஸ்டீயரிங் ஆயில் தொட்டியில் இன்று மட்டம் இருக்கும் இடத்தில் ஒரு கோடு போட்டுவைத்து, ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். அது இறங்கியிருந்தால் கியர்பெட்டிக்கும் கசிவுக்கும் சம்பந்தமே இல்லை.

சாலையோரம் (பதில்)

கசிவை நிறுத்தும் திரவம் என்று கடைகளில் விற்கிறார்களே, ஒரு பாட்டில் ஊற்றினால் போதாதா?

பழைய ஸ்பேனர் (பதில்)

அந்தத் திரவங்கள் பெரும்பாலும் ரப்பர் சீல்களை உப்பவைத்துத் தற்காலிகமாக அடைப்பவை. கசிவது சீல்தானா என்றே தெரியாத நிலையில், நன்றாக இருக்கும் சீல்களையும் சேர்த்து உப்பவைப்பது எனக்கு உடன்பாடில்லை. தளர்ந்த கிளிப்பையோ விரிசல் விட்ட குழாயையோ எந்தப் பாட்டிலும் சரிசெய்யாது.

வைகைக்கரை (கேட்டவர்)

இருவருக்கும் மிக்க நன்றி. குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டையை விரித்துச் சோதித்தேன். ஓட்டிய அன்று பதினோரு சொட்டுகள்; வண்டியை எடுக்காத சனி, ஞாயிறு இரண்டு நாட்களும் ஒரு சொட்டுகூட இல்லை. ஸ்டீயரிங் ஆயில் மட்டம் ஒரு வாரமாகக் கோட்டிலேயே நிற்கிறது. கூலண்ட் சுத்தமாகப் பச்சை நிறத்தில் இருக்கிறது. அப்படியானால் பணிமனைக்காரர் சொன்ன சீல்தானோ என்ற கவலை கூடியிருக்கிறது.

பழைய ஸ்பேனர் (பதில்)

கவலைப்பட இன்னும் நேரம் இருக்கிறது. இப்போது சந்தேகம் இரண்டே இடங்களுக்குக் குறுகியிருக்கிறது என்பதால் வேலை எளிதுதான்.

லிஃப்ட் உள்ள வாட்டர் சர்வீஸ் நிலையம் ஒன்றுக்குக் காலையில் கூட்டம் சேரும் முன் போய்விடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போக வேண்டாம். அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டைக் கழற்றி, அதன் மேல்பக்கத்தையும் துடையுங்கள். ஆயில் மாற்றியபோது சிந்தியது அங்கே தேங்கி, வாரக்கணக்கில் சொட்டிப் புதுக் கசிவுபோல் ஏமாற்றுவது உண்டு. பிறகு கியர்பெட்டியின் வெளிப்புறம் முழுவதையும் பிரேக் கிளீனர் அடித்துத் துணியால் துடைத்து உலரவிடுங்கள். உயர் அழுத்தத் தண்ணீரை மின்னிணைப்புகளின் மீதும், கியர்பெட்டியின் மேல் இருக்கும் சிறிய காற்றுப்போக்கியின் மீதும் பீய்ச்ச விடாதீர்கள்.

உலர்ந்த பிறகு, முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரை ஒரு துணியில் முடிந்து, சந்தேகமான இடங்களில் எல்லாம் மெல்லிசாகத் தட்டுங்கள். பத்துக் கிலோமீட்டர் ஓட்டி, எஞ்சின் சூடாக இருக்கும்போதே மறுபடி லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். ஆயில் பட்ட இடத்தில் வெள்ளைப் பொடி கருஞ்சிவப்பாக ஊறியிருக்கும். அந்த ஊறலை மேல்நோக்கிப் பின்தொடர்ந்து, அதற்கு மேல் எல்லாம் வெள்ளையாக இருக்கும் புள்ளி வரை போங்கள். அதுதான் நீங்கள் தேடும் இடம்.

முன்பக்கச் சீலைத் தனியாகச் சோதிக்கவும் ஒரு வழி உண்டு. எஞ்சினும் கியர்பெட்டியும் சேரும் இடத்தின் அடியில் பல வண்டிகளில் சிறிய தகட்டு மூடி ஒன்று இருக்கும். அதைக் கழற்றி டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சீல் கசிந்திருந்தால் சுழலும் கன்வெர்ட்டர் ஆயிலைச் சுற்றிலும் வாரி இறைத்திருக்கும், உட்சுவர் முழுவதும் பளபளவென்று நனைந்திருக்கும். உள்ளே சாம்பல் நிறத் தூசு உலர்ந்து கிடந்தால் சீல் நன்றாக இருக்கிறது என்று பொருள். வெளிவிளிம்பு மட்டும் நனைந்து உட்புறம் உலர்ந்திருக்கும் வண்டிக்குக் கியர்பெட்டியை இறக்க எந்தக் காரணமும் இல்லை.

வைகைக்கரை (கேட்டவர்)

நீங்கள் சொன்னபடியே செய்தேன். முதலில் அந்தத் தகட்டு மூடியைத்தான் கழற்றச் சொன்னேன். உள்ளே விரலால் தடவினால் மாவுபோல் ஒட்டும் உலர்ந்த தூசு, ஒரு துளி ஈரம்கூட இல்லை. அந்த நிமிடமே பாதிக் கவலை போய்விட்டது.

பொடி போட்டு ஓட்டிவிட்டுப் பார்த்தபோது, கியர்பெட்டியின் முன்முகத்தில் சுட்டுவிரல் அகலத்துக்கு ஒரு சிவந்த கோடு மேலிருந்து கீழாக இறங்கி, விளிம்பைத் தொட்டதும் வளைந்து, பணிமனையில் காட்டிய அதே முனையில் முடிந்தது. மேலே பின்தொடர்ந்தால் ரேடியேட்டருக்குப் போகும் இரண்டு ரப்பர் குழாய்களில் ஒன்று. அந்தக் குழாய் இரும்புக் குழலின் நுனியில் இருக்கும் தடிப்பைத் தாண்டி முழுவதும் உள்ளே ஏறவில்லை. ஸ்பிரிங் கிளிப் அந்தத் தடிப்பின் மீதே சாய்ந்து உட்கார்ந்திருந்தது. ஆயில் மாற்றியபோது பழைய ஆயிலை வெளியேற்ற அதே குழாயைக் கழற்றியதாகச் சொல்லியிருந்தார்கள் என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. கையால் அழுத்திப் பார்த்தால் குழாயின் நுனி மரக்கட்டைபோல் இறுகியிருக்கிறது.

இடது டிரைவ் ஷாஃப்ட் சீலைச் சுற்றியும் லேசான கசிவுக்கறை தெரிகிறது, ஆனால் பொடி அங்கே ஊறவில்லை. அதையும் இப்போதே மாற்ற வேண்டுமா?

பழைய ஸ்பேனர் (பதில்)

பொடி ஊறாத இடத்தைத் தொடாதீர்கள். அது பழைய அழுக்காக இருக்கலாம். டிரைவ் ஷாஃப்டைக் கழற்றினால் ஆயிலும் கொட்டும், வேலையும் கூடும். ஆறு மாதம் கழித்து ஒருமுறை பாருங்கள், சொட்டாகத் திரண்டு நின்றால் அப்போது மாற்றிக்கொள்ளலாம்.

பழைய குழாயையே தள்ளிப் பொருத்தினாலும் சில நாள் நிற்கும், ஆனால் இறுகிய ரப்பர் மறுபடி பிடித்துக்கொள்ளாது. இரண்டு குழாய்களையும் கிளிப்போடு புதிதாக மாற்றிவிடுங்கள். தடிப்பைத் தாண்டி நன்றாக ஏற்றிய பிறகே கிளிப்பைப் போட வேண்டும். அதன் பிறகு ஆயில் மட்டத்தைப் பாருங்கள்: எஞ்சினும் ஆயிலும் நன்கு சூடேறிய நிலையில், சமதளத்தில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை நகர்த்திவிட்டு, உங்கள் வண்டியின் கையேட்டில் சொன்ன முறைப்படி அளக்க வேண்டும். குறைந்திருந்தால் கையேட்டில் குறிப்பிட்ட அதே வகை ஆயிலை 100 மில்லி அளவில் ஊற்றி ஊற்றிப் பாருங்கள். கூடுதலாக ஊற்றினால் நுரைத்துக்கொண்டு காற்றுப்போக்கி வழியாக வெளியே தள்ளும். அப்போது இன்னொரு கசிவைத் தேட வேண்டியிருக்கும்.

வைகைக்கரை (கேட்டவர்)

இரண்டு குழாய்களையும் மாற்றியாயிற்று. குழாய், கிளிப், கூலி எல்லாம் சேர்த்து 900 ரூபாய்க்குள் முடிந்தது. 200 மில்லி ஆயில் குறைந்திருந்தது, ஊற்றிவிட்டேன். நான்கு நாட்களாக அட்டை வெள்ளையாகவே இருக்கிறது.

கொங்குச்சாலை (பதில்)

மகிழ்ச்சி. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: கடையில் கொடுத்தது ஆயில் தாங்கும் குழாயா, தண்ணீர்க் குழாயா? கூலண்டுக்குப் போடும் சாதாரண ரப்பர் குழாய் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் சூடான கியர் ஆயிலில் ஊறி உப்பிச் சில மாதங்களில் கழன்றுவிடும்.

வைகைக்கரை (கேட்டவர்)

நல்லவேளை கேட்டீர்கள். வெட்டிய மிச்சத் துண்டை வாங்கிவைத்திருந்தேன். ஏ.டி.எஃப். குளிர்விப்பான் குழாய் என்று ஆங்கிலத்தில் அதன்மேல் அச்சிட்டிருக்கிறது.