உதவி: கையால் ஓட்டினால் ஓடுகிறது, குரோனில் போட்டால் ஏபிஐ கீ கிடைக்கவில்லை

தோவாளை_பிச்சி:
தோவாளை பூச்சந்தையின் பிச்சி, மல்லி, அரளி விலையைக் காலையில் பூக்கடைக்காரர்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்ப ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட். சர்வர் உபுண்டு. எஸ்எம்எஸ் சேவையின் ரகசிய ஏபிஐ கீயை பாஷ்ஆர்சி கோப்பின் (பாஷ் ஷெல் தொடங்கும்போது படிப்பது) கடைசியில் எக்ஸ்போர்ட் செய்திருக்கிறேன். டெர்மினலில் ஓட்டினால் மெசேஜ் போகிறது. குரோனில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டுவது) போட்டால் கீஎரர், கீ இல்லை என்ற பிழை. குரோன் வரியிலேயே பாஷ்ஆர்சியை சோர்ஸ் செய்தும் பார்த்தாச்சு, அதே கதைதான். "பிரைவேட் கிட் ரெப்போதானே, கீயைக் கோடிலேயே எழுதிடு" என்கிறான் நண்பன். எழுதலாமா?

தக்கலை_லினக்ஸ்:
எழுதாதீங்க. முதலில் குரோனைப் பார்ப்போம். எக்ஸ்போர்ட் செய்த கீ ஒரு என்விரான்மென்ட் வேரியபிள். அது தாய் புரோசஸிடமிருந்து பிள்ளைக்கு வருவது. டெர்மினலில் தாய் உங்கள் பாஷ். காலையில் தாய் குரோன். அதன் கையில் ஹோம், ஷெல், பாத் என்று நாலைந்துதான் இருக்கும்.

சோர்ஸ் ஏன் உதவவில்லை? குரோன் வரியை ஓட்டுவது பாஷ் இல்லை, எஸ்எச் என்ற ஷெல். உபுண்டுவில் அது டாஷ். அதற்கு சோர்ஸ் என்ற கட்டளையே தெரியாது, அதே வேலைக்குப் புள்ளி (.) கட்டளைதான் தெரியும். புள்ளி வைத்தாலும் போதாது. பாஷ்ஆர்சியைத் திறந்து மேலே பாருங்க: இன்டராக்டிவ் ஷெல் (ஆள் உட்கார்ந்து கட்டளை தட்டுவது) இல்லையென்றால் அங்கேயே ரிட்டர்ன். கடைசியில் இருக்கும் உங்கள் எக்ஸ்போர்ட் வரை அது போகவே போகாது.

ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரில் டாட் என்வ் (.env) கோப்பு வைத்து, கீயை அதில் எழுதி, அதைப் படிக்க பைத்தான்-டாட்என்வ் நிறுவி, தொடக்கத்திலேயே லோட்_டாட்என்வ் அழையுங்க. கோப்புக்கு சிஎச்மாட் 600, உங்களைத் தவிர வேறு பயனர் படிக்காமலிருக்க. கிட்இக்னோரில் (கிட் சேர்க்கக் கூடாத கோப்புகளின் பட்டியல்) அதன் பெயரைச் சேர்த்த பிறகுதான் அடுத்த கமிட்.

குளச்சல்_கோடர்:
மக்கா, கீயைக் குரோன் வரியிலேயே எழுதிரலாம்னு தோணும், வேண்டாம். கீயில் % இருந்தால் குரோன் அதைப் புது வரியாக எடுத்துக்கொள்ளும். அந்தப் பிழையைக் கண்டுபிடிக்கதுக்குள்ள ஓணமே வந்திரும். ஓணத்துக்குப் பூ போற நேரத்தில் விலை மெசேஜ் நின்றால் சந்தைப் பக்கம் தலைகாட்ட முடியுமா?

தோவாளை_பிச்சி:
லோட்_டாட்என்வ் போட்டதும் குரோனிலும் ஓடிவிட்டது, நன்றி அண்ணா. நண்பன் அவன் பிராஞ்சில் கீயை எழுதி புஷ் செய்திருக்கிறான். அந்த வரியை அழித்தால் போதுமா?

தக்கலை_லினக்ஸ்:
போதாது. பழைய கமிட்டில் கீ அப்படியே இருக்கும். குளோன் செய்தவர் எல்லோர் லேப்டாப்பிலும் இருக்கும். எஸ்எம்எஸ் சேவையில் புதுக் கீ எடுத்து, பழையதை ரத்து செய்யுங்க. வரலாற்றைச் சுத்தம் செய்வது அப்புறம். இன்னொன்று: பிழை தேடும்போது ஓஎஸ் டாட் என்விரான் (எல்லா என்விரான்மென்ட் வேரியபிளும் இருப்பது) முழுவதையும் பிரின்ட் செய்யாதீங்க, லாக்கில் கீ போய் உட்கார்ந்துகொள்ளும். கீ இருக்கா இல்லையா என்று மட்டும் பிரின்ட் செய்தால் போதும்.