தரைத்தளத்தில் பேசும் மீட்டர் மாடிக்கு வாய் திறப்பதில்லை

தரைத்தள_டெக்னீஷியன்:
கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் வேலை. எச்.பி. மல்டிமீட்டர் இரண்டு: 34401ஏ ஒன்று, 3458ஏ ஒன்று. இரண்டுமே என் சர்வீஸைவிட மூத்தவை. இரண்டையும் ஜிபிஐபி கேபிளில் (அளவீட்டுக் கருவிகளைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பழைய முறை) கோத்து, அதை நெட்வொர்க்கோடு இணைக்கும், ஏலத்தில் எடுத்த லேன் கேட்வே பெட்டியில் மாட்டியிருக்கிறேன். திரவ நைட்ரஜனில் குளிரவைத்த மாதிரி ராத்திரி முழுக்க மெல்லச் சூடேறும். அதன் மின்தடையை மாடியில் என் மேஜையிலிருந்தே எடுக்க வேண்டும்.

முதல் நாளே கூத்து. இரண்டு மீட்டருக்கும் தொழிற்சாலையிலேயே வைத்த ஜிபிஐபி முகவரி 22. கூப்பிட்டால் இரண்டும் ஒன்றாகப் பேசி, வந்ததெல்லாம் குப்பை. 3458ஏ-வை 9-க்கு மாற்றினேன், சரியானது.

இப்போது, கேட்வே இருக்கும் ஸ்விட்சிலேயே லேப்டாப்பைச் செருகினால் 34401ஏ உடனே பதில் சொல்கிறது. மாடியிலிருந்து பிங் (பெட்டி நெட்வொர்க்கில் இருக்கிறதா என்ற சோதனை) போகிறது, கேட்வேயின் வெப் பக்கம்கூடத் திறக்கிறது. மீட்டரோடு பேசும் பைதான் நூலகமான பைவிசாவில் மட்டும் மீட்டர் திறக்கவில்லை. 3458ஏ கீழேயே தகராறு. மீட்டரின் பெயர் கேட்கும் *ஐடிஎன்? கட்டளையை அனுப்பினால் திரையில் ஈஆர்ஆர் என்ற பிழைக்குறி எரியும், அப்புறம் பதிலே வராமல் டைம்அவுட்.

பழைய_ரேக்:
பிங்கை நம்பாதீங்க சார். கேட்வே பேசுவது விஎக்ஸ்ஐ-11, கருவிகளோடு நெட்வொர்க் வழியே பேசும் தரம். உங்கள் கம்ப்யூட்டர் முதலில் அதன் 111-ஆம் போர்ட்டில் (நெட்வொர்க் வாசல்) போய், 395183 என்ற புரோகிராம் எங்கே என்று விசாரிக்கும். அங்கே வேறொரு போர்ட் எண் கிடைக்கும். நிஜப் பேச்சு அந்தப் போர்ட்டில்தான். அது எந்த எண் என்று தரத்தில் நிர்ணயமில்லை. அந்தப் பட்டியலைக் காட்டும் ஆர்பிசிஇன்ஃபோ கட்டளையை மாடியிலிருந்து ஓட்டிப் பாருங்க.

தரைத்தள_டெக்னீஷியன்:
ஓட்டினேன். 395183 பட்டியலில் இருக்கிறது. அதற்கு நேரே உள்ள போர்ட்டுக்கு டெல்நெட்டில் இணைந்து பார்த்தால் அசையாமல் நிற்கிறது; நடுவில் ஃபயர்வால் மறிக்கிறது போல. நெட்வொர்க் அறையில் கேட்டால், "எந்த போர்ட்னு எழுதிக் கொடுங்க, திறந்துவிடுறோம்" என்கிறார்கள். பெட்டியை அணைத்துப் போட்டால் எண் மாறிவிடுகிறது. எதை எழுத?

மைக்ரோவோல்ட்:
ஒன்றும் எழுதாதீர்கள். விஎக்ஸ்ஐ-11-இல் நீ யார் என்று கேட்கும் வழக்கமே இல்லை; திறந்துவிட்டால் வளாகத்தில் யாரும் உங்கள் மீட்டரைத் திருகலாம். அதே ஸ்விட்சில் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றை மாட்டி, ஸ்கிரிப்டை அதிலேயே ஓட்டுங்கள். மாடியிலிருந்து அதற்குள் நுழைய எஸ்எஸ்எச் (கடவுச்சொல் அல்லது சாவி கேட்கும் தொலை இணைப்பு) போதும். அதன் போர்ட்டும் 22தான், ஆனால் இது வேறு 22! நடுராத்திரி மாடி நெட்வொர்க் விழுந்தாலும் அளவீடு நிற்காது.

3458ஏ-வில் பழுதில்லை. *ஐடிஎன்? 1987-இல் வந்த ஐஇஇஇ 488.2 தரத்தின் வழக்கு. இந்த மீட்டருக்குத் தனி மொழி. முதலில் எண்ட் ஆல்வேஸ் என்ற கட்டளையை அனுப்புங்கள். அது இல்லாவிட்டால் பதிலின் கடைசி பைட்டோடு முடிவுக் குறி வராது, கேட்வே காத்துக்கொண்டே இருக்கும். அப்புறம் வெறும் ஐடி? கேளுங்கள்.

என்பிஎல்சி, அதாவது ஓர் அளவீட்டுக்கு எத்தனை மின்சாரச் சுற்று, எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?

தரைத்தள_டெக்னீஷியன்:
100.

மைக்ரோவோல்ட்:
அப்படியானால் அடுத்த டைம்அவுட் தயாராக இருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒரு சுற்று 20 மில்லிசெகண்ட், 100 சுற்று 2 செகண்ட். ஆட்டோஜீரோ (ஒவ்வொரு அளவீட்டோடும் மீட்டர் தன் பூஜ்ஜியத்தையும் அளப்பது) இருந்தால் இரட்டிப்பாகி 4. பைவிசா தானாகக் காத்திருப்பது 2 செகண்ட்தான். 10,000 மில்லிசெகண்ட் கொடுத்துவிடுங்கள்.

தரைத்தள_டெக்னீஷியன்:
ராஸ்பெர்ரி பை மாட்டியாயிற்று. ஐடி? கேட்டதும் 3458ஏ தன் பெயரைச் சொல்லிவிட்டது. இத்தனை நாள் பழுதென்று திட்டிக்கொண்டிருந்தேன். நேற்று ராத்திரி ஓட்டத்தில் 2 மணி வரை ஒரு டைம்அவுட்கூட இல்லை. அதற்குப் பிறகு ஃபைலில் மாதிரியின் மின்தடைக்குப் பதில் வோல்டேஜ் கணக்கில் எண்கள். விசாரித்தால், ராத்திரி வேலை செய்த மாணவர் ஒருவர் 34401ஏ-வில் கட்டுப்பாட்டை முன்பக்கப் பட்டன்களுக்குத் திருப்பும் லோக்கல் பட்டனை அமுக்கி, தன் பேட்டரியைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். இதற்கு எந்த போர்ட்டை மூட?

பழைய_ரேக்:
செலோடேப், ஒரு துண்டுக் காகிதம்.