ஈசூன் குடும்பக் குழு: ஸ்விஃப்டின் கதவுக்கு என்ன கம்பி?

செவ்வாய்

நான்: சித்தப்பா, என் ஸ்விஃப்ட் காருக்குள் ரோல் கேஜ், அதாவது வண்டி உருண்டாலும் மோதினாலும் ஆளைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு, போடலாம் என்று இருக்கிறேன். அது விஷயமாக உங்களிடம் கேட்க வேண்டும். கதவுப் பக்கத்துக்கு மூன்று விதம் இருக்கிறது என்கிறார் ஒர்க்‌ஷாப்காரர். கீழே ஓரமாகப் போகும் ஒற்றைக் கம்பி, குறுக்கே எக்ஸ், கதவுக்குள் பிதுங்கி நிற்கும் நாஸ்கார் கம்பி. எதைச் சொல்ல?

அத்தான்: நாஸ்கார்தான், யோசிக்கவே வேண்டாம். முன்னால் மோதினால் பானெட் நசுங்கி வேகத்தை வாங்கிக்கொள்ளும். பக்கவாட்டில் நசுங்க என்ன இருக்கிறது? கதவுத் தகடு, அப்புறம் நம் இடுப்பு. நாஸ்கார் கம்பி வெளியே வளைந்து போவதால் இரும்புக்கும் உடம்புக்கும் நடுவில் இடம் கிடைக்கும். என் வண்டியில் அதுதான்.

அம்மா: கதவில் கம்பி வைத்தால் நான் எப்படி ஏறுவது?

நான்: தாண்டித்தான் ஏறணும் அம்மா.

அம்மா: இந்த முட்டியை வைத்துக்கொண்டா? பாலிகிளினிக்குக்கு யார் கூட்டிப் போவது?

சித்தப்பா: அண்ணி கேட்டதுதான் முதல் கேள்வி. தம்பி, வண்டியை எவ்வளவு ரோட்டில் ஓட்டுகிறாய், எவ்வளவு டிராக்கில்?

நான்: தினமும் வேலைக்கு. மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்துக்கு எப்போதாவதுதான், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை.

சித்தப்பா: சரி. மாப்பிள்ளை சொன்னது அவர் வண்டிக்கு நூற்றுக்கு நூறு சரி. அது ரோட்டுக்கே வராது, டிரக்கில் ஏற்றித்தான் போகிறது. உன் கதை வேறு. நாஸ்கார் கம்பி உட்கார வேண்டும் என்றால் கதவின் உள்பக்கத்தைக் குடைந்து எடுக்க வேண்டும். கண்ணாடி ஏற்றும் மோட்டார் போகும். கம்பெனி கதவுக்குள் வைத்த எஃகு உத்திரமும் பெரும்பாலும் போகும். அந்த உத்திரம் உனக்காக மட்டும் இல்லை, பக்கத்து சீட்டில் உட்காருகிறவருக்கும்தான்.

அக்கா: நான் தலையைப் பற்றிச் சொல்கிறேன். பெல்ட் நெஞ்சைத்தான் பிடிக்கும். பக்கவாட்டில் இடித்தால் தலை ஒரு பக்கமாக வீசும். அவசரப் பிரிவில் இப்படி வருகிறவர்களைப் பார்க்கிறேன், கண்ணாடியில் பட்டாலே போதும். அந்த இடத்தில் இரும்புக் குழாய் இருந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

நான்: பேடிங் சுற்றுவார்கள் அக்கா.

சித்தப்பா: எந்த பேடிங்? ஏர்கான் குழாயில் சுற்றும் மெத்தென்ற நுரை என்றால் அது வெறும் அலங்காரம். எஸ்எஃப்ஐ 45.1 என்ற பந்தயப் பாதுகாப்புத் தரம், இல்லாவிட்டால் உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் 8857-2001 என்று அச்சிட்டிருப்பதை வாங்கு. விரலால் அழுத்தினால் லேசில் உள்ளே போகாது. ஆனால் அதுவும் ஹெல்மெட் போட்ட தலைக்காகச் செய்ததுதான். வெறும் தலைக்கு அதை நம்பாதே.

அக்கா: வண்டியில் ஜன்னல் ஓரமாகத் திரை மாதிரி விரியும் கர்ட்டன் ஏர்பேக் இருக்கிறது அல்லவா? கூரை ஓரமாக முழு கேஜ் குழாய் போனால் அது எப்படி விரியும்?

நான்: ஒழுங்காக விரியாது.

அக்கா: ஐரோப்பாவின் யூரோ என்கேப் கார் மோதல் சோதனையில் வண்டியை மணிக்கு 32 கிலோமீட்டரில் பக்கவாட்டாக ஒரு கம்பத்தில் மோதவிடுகிறார்கள். கம்பத்தின் குறுக்களவு 254 மில்லிமீட்டர்தான். அந்த மோதலில் தலையைக் காப்பாற்றுவது இந்தத் திரைதான். அதை அடைத்துவிட்டு அதே இடத்தில் நாமே ஒரு கம்பத்தை நிறுத்துவதா?

அத்தான்: டிராக்கில் உருண்டால் கேஜ் இல்லாமல் முடியாது. அதையும் சொல்ல வேண்டும்.

நான்: சரிதான் அத்தான். ஆனால் இதைப் படித்ததும் ஒரு கணக்குப் போட்டேன். செப்பாங் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர். ஒரு நாளில் 30 சுற்று ஓட்டினாலும் 170 கூட வராது, அதுவும் ஹெல்மெட்டோடு, எல்லோரும் ஒரே திசையில். அங்கே போக வர மட்டும் ஏறக்குறைய 600. இரவில் நெடுஞ்சாலை, லாரிகள், தலையில் ஒன்றுமில்லை. டிராக் நாளுக்காகச் செய்கிற வேலை அந்த 600 கிலோமீட்டரை மோசமாக்கக் கூடாது.

அம்மா: பாப்பாவை எப்படிப் பள்ளியில் விடுவாய்? பின்சீட் இருக்குமா?

நான்: பின்னால் குழாய் போனால் யாரும் உட்கார முடியாது அம்மா. பாப்பா 1.35 மீட்டர் உயரம் ஆகவில்லை, சைல்டு சீட் கட்டாயம். அதனால் கேஜ் போட்ட பிறகு அவள் அக்கா வண்டியில்தான் போக வேண்டும்.

அக்கா: அது பரவாயில்லை. அவளை இதில் ஏற்றாதே, அவ்வளவுதான்.

சித்தப்பா: இப்போது கம்பிக்கு வருவோம். கீழே ஓரமாகப் போகும் கம்பி ஏற இறங்க வசதி. ஆனால் லாரி பம்பரும் எஸ்யூவி மூக்கும் அதற்கு மேலேதான் இடிக்கும். எக்ஸ் பலமானது. அதில் ஒரு குழாயாவது முழுசாகப் போக வேண்டும், மற்றதை வெட்டி அதோடு வெல்டிங் செய்வார்கள். நடுவில் சேரும் இடத்தில் முக்கோணத் தகடு வைக்காவிட்டால் அங்கேதான் மடங்கும். எஃப்ஐஏ விதியில் பக்கக் கம்பியின் மேல்முனை கதவுத் திறப்பின் பாதி உயரத்தைத் தாண்டக் கூடாது என்று இருக்கிறது, அதைப் பிடித்துக்கொள். எடை ஒன்றும் பெரிதில்லை. 38 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் கனமும் உள்ள குழாய் மீட்டருக்கு 2.2 கிலோதான் வரும்.

சித்தப்பா: நான்காவது வழி ஒன்றும் இருக்கிறது. முன்சீட்டுகளுக்குப் பின்னால் வளைவாக ஒரு குழாய், அந்த வளைவிலிருந்து பின்னுக்கு இரண்டு தாங்கிகள், நடுவில் குறுக்குக் கம்பி. கூரை ஓரத்தில் குழாய் கிடையாது. கதவைத் தொடவே வேண்டாம். பக்கத்துக்கு மட்டும் வளைவிலிருந்து முன்பக்கத் தரைக்கு இறங்கும் சாய்ந்த கம்பி, கழற்றி மாட்டும்படி. எக்ஸ் அளவுக்குப் பலம் இல்லை, மறைக்க மாட்டேன். டிராக்கில் மாட்டு, ரோட்டுக்குக் கழற்று.

அத்தான்: போல்ட் தாங்குமா மாமா?

சித்தப்பா: போல்ட் தாங்கும், தகரம்தான் தாங்காது. தரைத் தகடு மெலிசு. கீழே வலுத் தகடு இல்லாமல் போட்டால் குழாயின் பாதம் தகட்டைக் குத்திக்கொண்டு வெளியே வரும். வளைவின் பாதத்துக்கு எஃப்ஐஏ கேட்பது 3 மில்லிமீட்டர் கனம், 120 சதுர சென்டிமீட்டர், மூன்று போல்ட், 8 மில்லிமீட்டர் (எம்8), வலுத் தரம் 8.8. முன்பாதத்துக்கும் அதையே போடச் சொல். வெல்டிங்கை நான் வந்து பார்க்கிறேன். கப்பல் பட்டறையில் வாழ்நாள் முழுக்க அதைத்தானே பார்த்தேன்.

சித்தப்பா: அதற்கு முன்னால் நிலப் போக்குவரத்து ஆணையமான எல்டிஏவுக்கும் இன்சூரன்ஸுக்கும் மெயில் போடு. வண்டிக்கு 10 வயது தாண்டிவிட்டது, ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக வேண்டும். எழுத்தில் பதில் வராமல் ஒரு துளைகூடப் போடவிடாதே. ஒர்க்‌ஷாப்காரர் ‘எல்லோரும் போடுகிறார்கள்’ என்று சொன்னால் அது அனுமதி ஆகாது.

நான்: இன்றைக்கே அனுப்புகிறேன்.

சித்தப்பா: சனிக்கிழமை 40 மில்லிமீட்டர் பிவிசி குழாய் இரண்டு வாங்கி, வண்டியில் மாஸ்கிங் டேப்பால் கட்டிப் பார். ஷூ போட்டுக்கொண்டு ஏறு. அண்ணியையும் ஏறச் சொல்.

சனி

நான்: கார்பார்க்கில் கட்டிப் பார்த்தாயிற்று. முதலில் எக்ஸ். எனக்கு ஏற முடிகிறது, ஆனால் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது வலது முழங்கை குழாயில் இடிக்கிறது. தொடையும் உரசுகிறது. சீட்டை உள்பக்கம் நகர்த்தினால் ஸ்டியரிங் நேராக இருக்காது.

நான்: அம்மா இடது பக்கம் ஏறினார். ஒரு கால் உள்ளே போனது, அடுத்த காலைத் தூக்க முடியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். நான்தான் டேப்பைக் கிழித்து விட்டேன்.

அம்மா: எனக்காகப் பார்க்காதே. உனக்கு எது பத்திரமோ அதைச் செய்.

நான்: உங்களுக்காகவும்தான் அம்மா. அவசரத்தில் வெளியே வர முடியாத வண்டி யாருக்குமே பத்திரம் இல்லை.

நான்: அப்புறம் சாய்ந்த கம்பி. முன்னால் கீழே இருப்பதால் கால் சுலபமாகப் போகிறது, முழங்கையும் படவில்லை. ஆனால் தோள் பக்கம் கம்பெனி பெல்ட் இறங்கும் வழியில் குழாய் முட்டுகிறது. படம் அனுப்புகிறேன்.

சித்தப்பா: பார்த்தேன். கம்பி சேரும் இடத்தை வளைவில் நான்கு விரல் கீழே இறக்கச் சொல். ரோட்டில் அந்த மூன்றுமுனை பெல்ட்தான் உனக்கு எல்லாம், அது எதிலும் உரசக் கூடாது.

அத்தான்: சீட்டையும் யோசி. தோளையும் தலையையும் பக்கவாட்டில் பிடிக்கும் பக்கெட் சீட் இருந்தால் டிராக்கில் இந்தக் கம்பியே போதுமானதாக இருக்கும். என்னிடம் பழைய ஒன்று கிடக்கிறது, எஃப்ஐஏ காலாவதித் தேதியைப் பார்த்துச் சொல்கிறேன்.

நான்: நன்றி அத்தான். அப்போது முடிவு இது: பின்னால் வளைவு, கதவு அப்படியே இருக்கும், இரண்டு பக்கமும் கழற்றும் சாய்ந்த கம்பி. எல்டிஏ பதில் வரும் வரை ஒர்க்‌ஷாப்புக்குக் கொடுக்கப் போவதில்லை.

அக்கா: கழற்றிய கம்பியை எங்கே வைப்பாய்? பின்னால் சாமான் வைக்கும் பூட்டில் சும்மா போட்டுவிடாதே, இடித்தால் பறந்து வரும்.

சித்தப்பா: நல்லவேளை கேட்டாய். பூட் தரையில் இரண்டு பிடிப்பு வைத்துக் கட்ட வேண்டும். அதையும் வரைபடத்தில் சேர்த்துவிடுகிறேன்.