கிறிஸ்துமஸுக்கு அந்தமான்: அஞ்சு தோழிகள், ஆறு ராத்திரி. எப்படிப் பிரிக்கலாம்?

பாளைமல்லிகை:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க அஞ்சு பேர், பாளையங்கோட்டையில ஒரே ஹாஸ்டல்ல இருந்தவங்க. படிப்பு முடிஞ்சு 12 வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் அஞ்சு பேரும் சேர்ந்து ஒரு ராத்திரி கூட தங்கினதில்லை. யாராவது ஒருத்தி கல்யாணத்துல பாப்போம், பந்தியில பக்கத்துல பக்கத்துல உக்காந்து சாப்பிடுவோம், பஸ் ஏறிடுவோம். இந்த வருஷம்தான் எல்லாருக்கும் லீவு ஒத்து வந்திருக்கு. டிசம்பர் 23 காலையில சென்னையிலிருந்து ஃபிளைட். 29 காலையில ஏழரை மணிக்குத் திரும்புற ஃபிளைட்.

ஏஜென்ட் குடுத்த பிளான் இது: 23 செல்லுலார் ஜெயில், 24 பாராடாங் சுண்ணாம்புக் குகை, 25 ஹாவ்லாக் தீவு, 26 நீல் தீவு, 27 மறுபடி போர்ட் பிளேர் வந்து ராஸ் தீவு, 28 மத்தியானம் மூணு மணிக்கு நார்த் பேயில ஸ்கூபா. படிக்கும்போதே மூச்சு வாங்குது. இது சரியா வருமா?

இன்னொரு விஷயம். எங்கள்ல ஒருத்திக்கு இது அம்மா இல்லாத முதல் கிறிஸ்துமஸ். வீட்டுல இருக்க முடியாதுன்னு அவளேதான் இந்தத் தேதியைச் சொன்னா. ஆனா 24 நடுராத்திரிப் பூசையை அவ சின்ன வயசுலேருந்து விட்டதே இல்லை. அங்க அதுக்கு வழி இருக்கா? ரெண்டு பேருக்கு நீச்சல் தெரியாது. ஒருத்திக்கு வீசிங் உண்டு. எல்லாரும் ஸ்கூபா போகணும்னு நிக்கிறாங்க.

தெற்குரதவீதி:

நான் ஒருதடவை சென்னையிலிருந்து கப்பலில் போனேன். மூன்று நாள் ஆகும். பங்க் வகுப்பு டிக்கெட் மலிவு, டெக்கில் நின்று பறக்கும் மீன்களைப் பார்த்துக்கொண்டே போனது இன்றும் கண்ணில் நிற்கிறது. ஆனால் உங்களுக்கு இருப்பது ஆறு ராத்திரி. டிசம்பரில் வங்காள விரிகுடா ஆட்டும் ஆட்டத்தில் பாதிப் பேர் படுத்துவிடுவார்கள். ஃபிளைட்டே சரி.

ஹாடோக்காரன்:

வணக்கம். நான் பிறந்து வளர்ந்தது போர்ட் பிளேர் ஹாடோவில். தாத்தா ராமநாதபுரத்திலிருந்து போய் சாத்தம் மர அறுவை மில்லில் வேலை பார்த்தவர். இப்போது சென்னையில் இருந்தாலும் வருஷா வருஷம் டிசம்பரில் ஊருக்குப் போய்விடுவேன். எனவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அந்த பிளானை அப்படியே ஒதுக்கி வையுங்கள். அதைப் போட்டவர் கடலைக் கணக்கில் எடுக்கவில்லை. எங்கள் ஊரில் ஒரு நாளை நகர்த்துவது மூன்று: வெளிச்சம், போட், நீர்மட்டம். டிசம்பரில் ஐந்து மணி தாண்டியதும் சூரியன் விழுந்துவிடும். சென்னைக்குக் கிழக்கே 1,300 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறோம், கடிகாரம் மட்டும் ஒன்றுதான். காலை ஐந்தரைக்கு எழுந்து வெளியே வந்தால்தான் உங்களுக்கு முழு நாள் கிடைக்கும். பத்து மணிக்கு டிபன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறவர்களுக்குப் பாதி நாள் போய்விட்டது என்று அர்த்தம்.

பாராடாங்கை எடுத்துவிடுங்கள். போக வர ஒரு முழு நாள் போகும், விடியும் முன்பே ஜிர்காடாங் செக்போஸ்ட்டில் வரிசை. அது மட்டும் காரணமில்லை. அந்தச் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காட்டுக்குள் போகிறது. அதை மூடச் சொல்லி 2002-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வண்டி நிற்கக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது என்றெல்லாம் விதி இருக்கிறது. இருந்தும் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு மனிதர்களைத் தேடுகிற வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். என் நண்பர்கள் யார் வந்தாலும் அங்கே கூட்டிப் போவதில்லை.

நான் சொல்வது இப்படி: 23, 24 போர்ட் பிளேர். 25 காலை போட்டில் ஹாவ்லாக் போய் அங்கேயே மூன்று ராத்திரி. 28 காலை திரும்பி ஒரு ராத்திரி போர்ட் பிளேரில். 29 ஃபிளைட். தீவிலிருந்து நேராக ஏர்போர்ட்டுக்கு வருகிற மாதிரி மட்டும் டிக்கெட் போடவே போடாதீர்கள். 2016 டிசம்பர் முதல் வாரத்தில் வானிலை கெட்டு, ஹாவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல் போய்த்தான் அழைத்து வந்தது. அதே காற்றுதான் பிறகு வர்தா புயலாகச் சென்னைக்கு வந்தது.

போட் டிக்கெட்டில் ஹாவ்லாக் என்று தேடாதீர்கள். 2018-லிருந்து அது ஸ்வராஜ் த்வீப், நீல் ஷஹீத் த்வீப். போர்ட் பிளேரே 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம். பஜாரில் யாரிடம் கேட்டாலும் பழைய பெயரைத்தான் சொல்வார்கள்.

உங்கள் தோழிக்கு: போர்ட் பிளேரில் ஸ்டெல்லா மாரிஸ் பேராலயம் இருக்கிறது. 24 ராத்திரி பூசை எத்தனை மணிக்கு என்று 23-ஆம் தேதியே நேரில் போய்க் கேட்டுவிடுங்கள். எங்கள் ஊர்க் கிறிஸ்துமஸ் டூரிஸ்ட்டுகளுக்காகப் போட்டது இல்லை. காட்டு வேலைக்காக 1918 முதல் அழைத்து வரப்பட்ட ராஞ்சிக்காரர்கள், 1925-ல் பர்மாவிலிருந்து வந்து மாயாபந்தர் பக்கம் குடியேறிய கரேன்கள், நிக்கோபாரிகள் என்று பலருக்கும் அதுதான் பெரிய நாள். கூட்டத்தில் உங்களை யாரும் வெளியாளாகப் பார்க்க மாட்டார்கள்.

26-ஆம் தேதி பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் வகுப்பில் கார் நிக்கோபார் பையன் ஒருவன் இருந்தான், ஹாஸ்டலில் தங்கிப் படித்தான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் இட்லி சாப்பிடுவான், சட்னியை விட்டுவிட்டுச் சாம்பாரை மட்டும் கேட்டு வாங்குவான். 2004-ல் கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்குப் போனான். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை ஆறரைக்கு நிலம் ஆடியது, பிறகு கடல் வந்தது. அவன் திரும்பவில்லை. அம்மா இன்றும் அந்த நாளில் வாசலில் ஒரு விளக்கு வைப்பார். வண்டூர் போகும் வழியில் சிப்பிகாட் பக்கம் பாருங்கள், வயலாக இருந்த இடமெல்லாம் கடல்நீர். நிலமே இறங்கிவிட்டது. நீங்கள் சந்தோஷமாக இருக்க வேண்டும், அதற்காகத்தான் வருகிறீர்கள். அன்றைக்கு மட்டும் படகோட்டியோ ஹோட்டல் பையனோ பேச்சில்லாமல் இருந்தால் ஏன் என்று தெரிந்திருக்கட்டும்.

கறுப்புத்துடுப்பு:

ஹாவ்லாக்கில் நான்கு சீசன் டைவிங் சொல்லிக்கொடுத்தேன். ஸ்கூபா பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்த 28 மத்தியான ஸ்கூபா. மறுநாள் காலை ஏழரைக்கு ஃபிளைட் என்றால் பதினாறு, பதினேழு மணி நேரம்தான் இடைவெளி. ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். 18 மணி நேரம் விடுவது வழக்கம், நான் ஒரு முழு நாள் விடச் சொல்வேன். 26 அல்லது 27 காலையில் ஹாவ்லாக்கிலேயே போங்கள்.

நீச்சல் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். முதல்தடவை இறங்குகிறவர்களை 12 மீட்டருக்குக் கீழே கொண்டு போவதில்லை, ஆளுக்கு ஒரு பயிற்சியாளர் உண்டா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதைச் சமன் செய்வதைக் கரையிலேயே பழகிவிட்டால் முக்கால்வாசிப் பயம் போய்விடும். சளி இருந்தால் இறங்காதீர்கள்.

வீசிங் உள்ள தோழி டாக்டரிடம் கேட்காமல் இறங்கவே கூடாது. படிவத்தில் "இல்லை" என்று எழுதிவிட்டு வருகிறவர்களைப் பார்த்து எனக்குத் தூக்கம் போயிருக்கிறது. டாக்டர் வேண்டாம் என்றால் எலிஃபன்ட் பீச்சில் ஸ்நார்க்லிங் போகட்டும், இடுப்பளவு தண்ணீரிலேயே மீன் வரும். பவளத்தின் மேல் மட்டும் கால் வைக்க வேண்டாம். கரையில் கிடக்கும் சங்கு, பவளத்துண்டு எதையும் பெட்டியில் போடாதீர்கள், ஏர்போர்ட்டில் எடுத்துவிடுவார்கள்.

பாளைமல்லிகை:

ரொம்ப நன்றி. ஹாடோக்காரன் அண்ணா, உங்க பதிலை குரூப்ல போட்டேன். ரொம்ப நேரம் யாரும் ஒண்ணும் எழுதலை. அப்புறம் அம்மா இல்லாத அந்தத் தோழிதான் முதல்ல எழுதினா, "பாராடாங் வேண்டாம், 24 போர்ட் பிளேர்லயே இருப்போம்"னு.

நீல் தீவை விட ஒருத்திக்கு மனசே வரலை. அந்த இயற்கைப் பாலத்தைப் பாத்தே ஆகணுமாம். ஹாவ்லாக்ல ஒரு ராத்திரி குறைச்சுக்கலாமா?

ஹாடோக்காரன்:

குறைக்கலாம், ஆனால் முதலில் நீர்மட்டத்தைப் பாருங்கள். அந்தப் பாறைப் பாலம் லட்சுமண்பூரில் இருக்கிறது, கடல் வற்றும்போதுதான் நடந்து போக முடியும். 27, 28 தேதிகளுக்கு அலை அட்டவணை எடுத்துப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் வற்றம் வந்தால் 27 மதியம் நீல் போய் ஒரு ராத்திரி தங்கி, 28 அங்கிருந்தே போர்ட் பிளேர் வந்துவிடலாம். டைவ் 26-ல் முடிந்திருக்க வேண்டும். வற்றம் இருட்டில் வந்தால் நீலை விட்டுவிடுங்கள். ஹாவ்லாக்கில் 7-ஆம் நம்பர் பீச்சில் நாலரைக்கே போய் உட்காருங்கள், பொழுது சாயும் வரை எழுந்திருக்க வேண்டாம்.

பாளைமல்லிகை:

பாத்தாச்சு அண்ணா. 28 காலையில எட்டு மணிக்கு மேல வற்றம் இருக்கு. அப்போ நீல் ஒரு ராத்திரி, ஹாவ்லாக் ரெண்டு. வீசிங் இருக்கிறவ வர்ற திங்கக்கிழமை டாக்டரைப் பாக்குறா.

இன்னொண்ணு. அம்மா இல்லாத அந்தத் தோழி தன் வீட்டுக் குடில்ல இருக்கிற குழந்தை இயேசு சொரூபத்தை மட்டும் எடுத்துட்டு வர்றாளாம். களிமண்ல செஞ்சது, அவ அம்மா வாங்கினது. 24 ராத்திரி ரூம்ல வெக்கணுமாம்.

ஹாடோக்காரன்:

கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். செக்-இன் பெட்டியில் போட்டால் உடைந்துவிடும். வைக்கோல் வேண்டுமென்றால் 23 மாலை அபர்தீன் பஜாரில் பழக்கடைக்காரர்களிடம் கேளுங்கள், பழக்கூடையில் போட்டு வருவதைக் கொடுப்பார்கள்.