புதுப்பிப்பு: ஒரு கிளையில் மட்டும் சிவப்பு விளக்கு, பழுது பிடிபட்டது

முன்பு கேட்டது இதுதான்: ஒரே ஃபைபரின் ஒளியை எட்டு வீடுகளுக்குப் பிரித்துத் தரும் ஸ்ப்ளிட்டரில் ஏழு வீடுகளுக்கு நெட் நன்றாக ஓடுகிறது, ஒரு வீட்டில் மட்டும் மோடத்தில் எல்ஓஎஸ் (ஒளி வரவில்லை என்று காட்டும் விளக்கு) சிவப்பு. எக்ஸ்சேஞ்ச் பக்கமிருந்து ஓடிடிஆர் (ஃபைபருக்குள் ஒளியை அனுப்பி, திரும்பி வருவதை வைத்துப் பழுது எவ்வளவு தூரத்தில் என்று கோட்டுப் படமாகக் காட்டும் மீட்டர்) அடிக்கச் சொன்னீர்கள், அடித்தோம். ஸ்ப்ளிட்டர் வரை கோடு தெளிவு, அதைத் தாண்டினால் எட்டுக் கிளைகளிலிருந்தும் திரும்பி வரும் ஒளி ஒன்றாகக் கலந்துவிடுகிறது, அறுந்த கிளை ஒரு சின்னப் படியாகத்தான் தெரிகிறது, அது எந்த வீட்டுடையது என்று படம் சொல்லாது. போதாததற்கு ஸ்ப்ளிட்டரே 9 டெசிபலுக்கு மேல் தின்றுவிடுகிறது.

சரி என்று வீட்டுப் பக்கமிருந்து மேல்நோக்கி அடித்தோம், 1650 நானோமீட்டரில். 1310-உம் 1490-உம் மற்ற வீடுகளின் டேட்டா போகும் அலைநீளங்கள், அவற்றில் அடித்தால் ஓடுகிற ஏழும் கெடலாம். இந்த முறை படம் சுத்தம்: ஸ்ப்ளிட்டருக்கு முன்பே கோடு பொத்தென்று விழுந்தது.

ஆனால் மீட்டர் காட்டிய தூரத்தைத் தெருவில் அளந்து போனால் ஏமாறுவீர்கள். அது ஃபைபரின் நீளம், பெட்டிக்குள் சுருட்டி வைத்த உபரியும் அதில் சேர்த்தி. அதைக் கழித்த பிறகுதான் சரியான கம்பம் வந்தது, மேலே அணில் கடித்த டிராப் கேபிள் (ஸ்ப்ளிட்டரிலிருந்து வீட்டுக்கு வரும் கேபிள்). சிவப்பு லேசர் பேனாவைச் செருகியதும் கடித்த இடத்தில் வெளிச்சம் கசிந்தது. புதிதாக ஸ்ப்ளைஸ் போட்டு ஃபைபரை ஒட்டியாயிற்று.

அப்புறம், எக்ஸ்சேஞ்சிலிருந்தே கிளைகளை அடையாளம் காண, வீட்டுக்கு வீடு ஃபைபர் முனையில் ரிஃப்ளெக்டர் (ஓடிடிஆர் ஒளியைத் திருப்பி அனுப்பும் துண்டு) போடலாமா என்று கேட்டவருக்கு: போடலாம், ஆனால் இரண்டு கிளைகள் ஒரே நீளமாக இருந்தால் படத்தில் அவற்றின் கூர்முனைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும், எது எந்த வீடு என்று தெரியாது.